இன்சுலின் ஜன்னல்

கெளுத்தி மீனின் முள் அம்மாவின் காலில் ஏறியது. மீன் விற்கிறவளுக்கு முள் குத்துவது புதிதில்லை. மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாளே வியாபாரத்துக்குப் போய்விட்டாள். ஆனால் இந்தத் தடவை புண் ஆறவில்லை. கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தபோதுதான் அவள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரையெல்லாம் இனிமேல் பத்தாது, காலையும் மாலையும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்றார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில், டீக்கடையை ஒட்டி அம்மாவுக்கு ஒரு இடம் உண்டு. விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வருவாள். வீட்டில் நாஷ்டா முடித்து, மீன் நிரப்பிய அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போவாள். அப்பா இல்லை. நானும் அவளும்தான் வீட்டில். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், கப்பலில் வரும் சரக்குக்கான பேப்பர்களைத் தயார் செய்கிற வேலையில் இருக்கிறேன். தம்பி சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. மனைவி பிள்ளைகளோடு மாத்தூரில் இருக்கிறான்.

நர்ஸிங் ஹோமில் ஒரு நர்ஸ் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். மருந்தில் காற்று இல்லாமல் இழுப்பது, தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிப் போடுவது, சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வது. எண் எழுதிய கோடு வரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். நான் ஊசியை நீட்டுவதும் பின்னால் இழுப்பதுமாக இருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "நீ இன்னாமே இப்டி பயப்புட்ற, எனக்குத்தான குத்தப் போற" என்றாள். வீட்டுக்கு வரும்போது ஒரு பாட்டில் இன்சுலினும் ஆரஞ்சு நிற மூடி போட்ட சிரிஞ்சுகள் ஒரு பெரிய பாக்கெட்டும் வாங்கி வந்தோம். பாட்டில் தீர்ந்தபோது, இதைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, பெரியாஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். ஒரே சிரிஞ்சை மூன்று நான்கு தடவை வைத்துக்கொண்டதால் பாக்கெட்டில் நிறைய மீதி இருந்தன.

அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. மருந்து வாங்குவதில்தான் எனக்குத் தலை சுற்றியது. அது ஒரு நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கம்பி போட்ட ஜன்னல்கள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, முதியவர்களுக்கு ஒன்று. மற்றவை யாருக்கு என்று எழுதியிருந்த பலகைகளை வரிசையில் நின்றவர்களின் தலைகள் மறைத்தன. அம்மா முதியவரா பெண்ணா என்று எனக்குக் குழப்பம். சீட்டை வைத்துக்கொண்டு நிற்பது நான் என்பதால் பெண்கள் வரிசையில் நின்றேன். முறை வந்தபோது உள்ளே இருந்தவர் மாத்திரை அட்டைகளை வெட்டிப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே பேசினார். "இது காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது ராத்திரி மட்டும்." நான் முதலாவதை மனதில் வாங்குவதற்குள் மூன்றாவதைச் சொல்லிவிட்டார்.

"இன்சுலின் சார்?"

"அது இங்க இல்லம்மா. கடைசி ஜன்னல்."

கடைசி ஜன்னல் கூடத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கூட்டம் குறைவு. உள்ளே என் வயதுள்ள ஒரு பெண் மருந்தாளுநர். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு, இதில் சீல் இல்லை, மாடியில் போய் போட்டு வாருங்கள் என்றார். மாடிக்குப் போய்ச் சீல் வாங்கி வந்தேன்.

"ஐஸ் எங்க?" என்றார்.

"எதுக்குங்க மேடம்?"

"இன்சுலின வெறும் கைல குடுக்க மாட்டோம்மா. இந்த வெய்யில்ல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வீணாயிடும். ஃப்ளாஸ்கோ, ஐஸ் போட்ட டப்பாவோ எடுத்துட்டு வரணும். நாளைக்கு வாங்க, சீல் இருக்கில்ல, நேரா இங்கயே வரலாம்."

இதை முதலிலேயே எங்காவது எழுதி வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எழுதித்தான் வைத்திருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு மேலே, சுவரில்.

அன்று சாயந்திரம் அம்மாவிடம் ஐஸ் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரி சம்பந்தமான எதுவும் அவளுக்குப் புரிந்ததில்லை. இது புரிந்தது. "ஐஸா? நா பாத்துக்கறேன். நீ வந்து நின்னா போதும்" என்றாள்.

மறுநாள் அவள் காசிமேட்டில் இருந்து நேராக மெட்ரோ ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் ஒரு தெர்மகோல் பெட்டி. உடைத்த ஐஸ் விளிம்பு வரை நிரப்பியிருந்தது. மெட்ரோவில் போகலாம் என்று நினைத்திருந்தேன். பெட்டியில் இருந்து சொட்டிய தண்ணீரையும் அதன் வாசனையையும் பார்த்துவிட்டு, வாசலில் சோதனை போடுகிறவர் தலையை ஆட்டிவிட்டார். பஸ்ஸில் போனோம். கடைசி ஜன்னல் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். அம்மா அதைக் கவனிக்காதது போல இருந்தாள்.

கண்ணாடி போட்ட மருந்தாளுநர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ ஐஸா? அம்மா, பாட்டில் ஐஸ் மேல படக் கூடாது. உறைஞ்சுதுன்னா மருந்து கெட்டுடும்."

"ஐஸ்ல வெச்சா கெட்டுப் பூடுமா?" அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "வெய்யில்ல வெச்சாத்தான கெடும்?"

"வெய்யில்லயும் கெடும். உறைஞ்சாலும் கெடும்."

"அப்ப எங்கதாம்மா வெக்கிறது அத்த?"

"ஜில்லுனு இருக்கணும், ஆனா உறையக் கூடாது. துணில நல்லா சுத்தி ஓரமா வைங்க. வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. ஃப்ரீசர்ல வெக்காதீங்க." சொல்லிக்கொண்டே பாட்டில்களை எண்ணி நீட்டினார். "சிரிஞ்சு இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றேன்.

"சரி. அடுத்தவங்க வாங்க."

அம்மா முந்தானை நுனியைக் கிழிக்கப் போனாள். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். ஐஸில் வைத்தால் கெட்டுப்போகிற ஒரு பொருளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒழுங்காக வரிசைப்படுத்த முடிவதில்லை. காலையும் மாலையும் தவறாமல் ஊசி போட்டேன். டாக்டர் எழுதிய எண்ணுக்கு நேராக உள்ள கோட்டில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சரியாக நிறுத்தினேன். மாத்திரைகளையும் கொடுத்தேன். நர்ஸிங் ஹோமில் இருந்தபோது இறங்கிவந்த சர்க்கரை மறுபடி ஏறியது. ரத்தம் கொடுத்து ரிசல்ட் வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் ஏறியே இருந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த தடவையும் ஏறியிருந்தது. இன்னும் கூட்டினார். "சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இருக்கு என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த சீட்டை மடித்தேன். பகலில் நான் வீட்டில் இருப்பதில்லையே.

நான் முதலில் ஐஸைச் சந்தேகப்பட்டேன். முதல் நாள் பஸ்ஸில் பாட்டில் உறைந்துபோயிருக்குமோ என்று நினைத்து, அடுத்த மாதம் ஒரு ஃப்ளாஸ்க் வாங்கினேன். அப்புறம் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். மருந்தே சரியில்லையோ, இலவசமாகக் கொடுப்பது அப்படித்தான் இருக்குமோ என்று அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னதையும் கொஞ்சம் நம்பினேன். இன்னொன்றும் என்னைக் குழப்பியது. அடுத்த மாதம் மருந்து வாங்கப் போனபோது, "பழசு தீந்துடுச்சா?" என்று மருந்தாளுநர் கேட்டார். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்றேன், சிக்கனமாக வைத்திருக்கிற பெருமையோடு. அவர் ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். "டெய்லி போடுறீங்கல்ல?" என்றார். ரெண்டு வேளையும் போடுகிறேன் என்றேன். பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேல் சீட்டை நீட்டினார். அதோடு பேச்சு நின்றுபோனது.

தம்பிக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவனுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவின் கடைக்குப் பக்கத்திலேயே பாயின் டீக்கடை. டீக்கடையில் பன், வர்க்கி, கேக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து அவளைக் கேட்டே விட்டான். "ஊசி போட்டும் எறங்கலன்னா இன்னா அர்த்தம்? நீ பாய் கடைல குந்திகினு இன்னா துன்ற?"

"நா இன்னாத்த துன்னேன்?"

"டீல சக்கர போட்டுக்கற இல்ல?"

"இல்லடா நைனா. பாய கேளு."

"பாய் உனக்கு தோஸ்து. அவரு உன்ன காட்டிக் குடுப்பாரா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் சொல்லவில்லை. அவன் சொன்னதை நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. வேறு காரணம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. அம்மா எழுந்து போய் மீன் கழுவ ஆரம்பித்தாள். அதற்கு அப்புறம் சர்க்கரை பற்றி யார் பேசினாலும் அவள் அந்த இடத்தில் இருப்பதில்லை.

நர்ஸிங் ஹோம் பாக்கெட்டில் சிரிஞ்சு தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. அந்த மாதம் ஜன்னலில், "மேடம், சிரிஞ்சு கிடைக்குமா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அன்று இருந்தவர் வேறொருவர். சிரிஞ்சுகளின் மூடி சிவப்பாக இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை அட்டைகளும் மாதத்துக்கு மாதம் நிறம் மாறித்தான் வந்துகொண்டிருந்தன. போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக இருக்கும். கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான் என்பதற்கு நான் பழகியிருந்தேன்.

மறுநாள் காலை முதல் தடவையாகச் சிவப்பு மூடி ஊசியில் மருந்தை இழுத்தேன். டாக்டர் கடைசியாகக் கூட்டி எழுதிய எண். அந்தக் கோடு வரை இழுத்தபோது தண்டு வெகுதூரம் பின்னால் வந்த மாதிரி இருந்தது. ஊசியை ஒரு முறை திருப்பிப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. போட்டேன்.

"இன்னாமே, ரொம்ப நேரம் குத்திகினே கீற?" என்றாள் அம்மா.

"புது சிரிஞ்சும்மா."

இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு நான் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

மதியத்துக்கு முன்னால் டீக்கடை பாயிடமிருந்து போன் வந்தது. அவர் போன் செய்கிறவர் இல்லை. "தங்கச்சி, கொஞ்சம் வர முடியுமா? அம்மா ஒரு மாரி பேசிகினு கீறாங்க" என்றார். ஒரு மாரி என்றால் என்ன என்று கேட்டேன். "வா, சொல்றேன்" என்றார்.

நடந்ததை நான் போய்ச் சேர்ந்த பிறகு அவர் சொன்னார். அம்மா வழக்கம்போலத்தான் கடை போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, வாங்க வந்த ஒரு பெண்ணுக்குச் சங்கரா மீனை நிறுக்காமல் அள்ளி அள்ளிப் பையில் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் பயந்துபோய், போதும்மா போதும்மா என்று சொல்லியும் நிறுத்தவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. பாய் வந்து என்னம்மா என்று கேட்டதற்கு, "ஏலம் ஆரமிச்சிடுச்சா?" என்றிருக்கிறாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டிருக்கிறாள். கண் எங்கேயோ பார்த்திருக்கிறது.

"எங்க வூட்லயும் சக்கர கீது தங்கச்சி. அவங்களுக்கு ஒரு தபா இப்டி ஆயிருக்குது. பாத்ததும் தெரிஞ்சிகினேன்" என்றார். சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கலந்து, கையைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்திருக்கிறார்.

நான் போனபோது அம்மா டீக்கடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாதது போலப் பார்த்துவிட்டு, "நீ எதுக்கு வேலைய உட்டுட்டு வந்த?" என்றாள். அப்புறம் பயந்துபோன குரலில், "நா டீ கேக்கல. பாய்தான் குடுத்தாரு. சக்கர போட்டுக் குடுத்தாரு. தம்பிகிட்ட சொல்லிடாதமே" என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தம்பியும் வந்துவிட்டான். அவசரப் பிரிவில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு சர்க்கரை போட்ட டீ குடித்த பிறகும் அளவு தாழ்ந்தே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர், எவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை நாளாக இந்த அளவு என்றார். சொன்னேன். அவர் குழம்பிப்போனார். "இவ்ளோ நாளா இதே அளவுல ஏறிட்டே இருந்தது, இன்னிக்கு மட்டும் ஏன் இப்படி இறங்கணும்? காலைல சாப்பிட்டாங்களா?"

"இட்லி சாப்பிட்டாங்க" என்றேன்.

கட்டிலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒண்ணுதான் துன்னேன்."

நான் தட்டில் வைத்துவிட்டு வந்தது அதற்கு மேல். மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். தெருவில் நாய்க்குப் போட்டேன் என்றாள். ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். பகலிலும் சோறு கொஞ்சம்தானாம்.

"ஏன்மா?"

அவள் தம்பியைப் பார்க்காமல் சொன்னாள். "நா திருடித் துன்றேன்னு நெனச்சிகினு கீறீங்க. துன்றத கொறச்சாவாவது அது எறங்கும், நீங்க நம்புவீங்கன்னு பாத்தேன். அது எறங்கவேல்ல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. நா தெரியாத இன்னாத்தயாவது துன்னுட்றேனோன்னு."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கால் புண் இருந்த இடத்தில் தோல் இன்னும் கறுப்பாகவே இருந்தது. 

அன்று சாயந்திர ஊசி வேண்டாம் என்றார்கள். ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஓ.பி.யில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு முன் மருந்து, ஊசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மருந்தகத்தில் காட்டுங்கள், பாட்டிலில் ஏதாவது கோளாறா என்று பார்க்கட்டும் என்றார் அந்த இளம் டாக்டர். நான் வீட்டுக்குப் போய் இன்சுலின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கடைசி ஜன்னலில் அதே கண்ணாடி போட்ட பெண் இருந்தார். கதையைக் கேட்டதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னையும் தம்பியையும் உள்ளே வரச் சொன்னார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, உருட்டி, கட்டி இருக்கிறதா என்று பார்த்தார். தேதியைப் பார்த்தார். "மருந்து நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஃப்ரிட்ஜ்ல உறைஞ்சு போச்சா?" என்றார். இல்லை என்றேன். "ஒரே இடத்துல போட்டுட்டே இருக்கீங்களா?" இல்லை என்றேன். "சரி, எப்படி இழுக்கிறீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "சரியாத்தான் பண்றீங்க" என்றார். பிறகு பைக்குள் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்.

பாக்கெட்டின் அடியில் மிஞ்சியிருந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சு.

"அது பழசு மேடம். நர்ஸிங் ஹோம்ல வாங்கினது. நேத்துலேர்ந்துதான் இந்தச் சிவப்பு."

"அப்ப இத்தனை மாசமும் இதுலயா போட்டீங்க?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். சிவப்பு மூடி ஊசியில் ஒரு எண் வரை தண்ணீரை இழுத்தார். ஆரஞ்சு மூடி ஊசியில் அதே எண் வரை இழுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தார். ஆரஞ்சு மூடி ஊசியில் தண்ணீர் அடியில் கொஞ்சம் இருந்தது. சிவப்பு மூடி ஊசியில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"அதே நம்பர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எண் ஒன்று என்றால் அளவும் ஒன்றுதானே. தம்பி ஊசிகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு டூப்ளிகேட்டா மேடம்?" என்று கேட்டான்.

இல்லை, இரண்டுமே சரியான ஊசிதான் என்றார். இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வருகிறது. ஊசியில் எழுதியிருக்கும் எண் மில்லி இல்லை, மருந்தின் யூனிட். நர்ஸிங் ஹோமில் கொடுத்தது அடர்த்தி அதிகம், ஒரு மில்லிக்கு நூறு யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. இங்கே கொடுப்பது ஒரு மில்லிக்கு நாற்பது. அதற்குச் சிவப்பு மூடி. இங்கத்து மருந்தை அந்த ஊசியில் இழுத்தால், கோடு சரியாக இருந்தாலும் பாதி மருந்துகூட உடம்புக்குப் போயிருக்காது. அதனால்தான் சர்க்கரை இறங்கவில்லை, அதனால்தான் பாட்டிலும் தீரவில்லை. இறங்கவில்லை என்று டாக்டர் கூட்டிக்கொண்டே போனார். நேற்று ஊசி மாறியதும், கூட்டிய அளவு முழுசாக உள்ளே போய்விட்டது. காலையில் சாப்பாடும் குறைவு.

நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் சொன்னார். சரக்குக் கப்பல் பேப்பரில் டன்னுக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படியும் மூன்றாவது தடவை சொன்னபோதுதான் மண்டையில் ஏறியது. 

"நீங்க முதல் நாள் கேட்டீங்க, சிரிஞ்சு இருக்கான்னு" என்றேன். "நான் இருக்குன்னு சொன்னேன்."

"எந்த சிரிஞ்சுன்னு நான் கேக்கலையே" என்றார் அவர். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர் கம்பியைத் தட்டினார்.

அவரே எங்களோடு மாடிக்கு வந்து பெரிய டாக்டரிடம் இரண்டு ஊசிகளையும் காட்டினார். டாக்டர் அளவை வெகுவாகக் குறைத்துப் புதிதாக எழுதினார். ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளில் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அம்மாவைப் பார்த்து, "நீங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. உங்க மேல தப்பில்ல. இனிமே பட்டினி கெடக்காதீங்க" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு ஊசி விவரம் எதுவும் அப்போது புரியவில்லை. உங்க மேல தப்பில்ல என்பது மட்டும் கேட்டது.

தம்பி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். "இன்னொரு இட்லி வெச்சிக்கோம்மா" என்றான். "போதுன்டா" என்றாள். "வெச்சிக்கோ, டாக்டரு சொன்னாரு இல்ல" என்று அவனே தட்டில் போட்டான். அவள் தின்றாள்.

சில வாரங்களில் சர்க்கரை இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. ஏறுவதும் இறங்குவதும் முற்றாக நின்றது என்று சொல்ல மாட்டேன். வஞ்சிரம் அதிகமாகக் கிடைக்கும் நாளில் அம்மா சாப்பாட்டை மறந்துவிடுவாள், ஏதாவது விசேஷத்தில் சாப்பாட்டை மறக்க மாட்டாள். ஆனால் இப்போது அது ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஓரளவுக்கு ஊகிக்க முடிகிறது. கடைசி ஜன்னலில் வரிசை முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நகர்கிறது. கண்ணாடி போட்ட மருந்தாளுநர் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் வீட்டில் இருக்கிற ஊசியின் மூடி என்ன நிறம் என்று கேட்கிறார். பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் இருப்பவர்களை போனில் கூப்பிட்டு, பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். அதுவரைக்கும் மற்றவர்கள் நிற்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள்.

போன மாதம் இன்சுலின் பாட்டிலின் மூடி வேறு நிறத்தில் வந்தது.  இது நாற்பதுதானா என்று கேட்டேன். நாற்பதுதான், கம்பெனி வேற என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த எண்ணை நகத்தால் தொட்டுக் காட்டினார். படித்தேன். சிவப்பு மூடிக்கும் இதுவே சரியா என்று மறுபடி கேட்டேன். சரிதான் என்றார், கோபப்படாமல். அப்படியும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஃப்ளாஸ்கைத் திறந்து பாட்டிலை எடுத்து இன்னொரு முறை படித்தேன். எண்ணைப் பார்க்கப் பார்க்க, அது எதைக் குறிக்கிறது என்பது மறுபடி எனக்குக் கலங்க ஆரம்பித்தது. மருந்தின் எண்ணா, ஊசியின் எண்ணா, டாக்டர் எழுதிய எண்ணா.

"அத்த உள்ள வைமே, சூடாயிடப் போவுது" என்றாள் அம்மா.